மண்கும்பான் சம்பிரதாயப்படி மாநகரக் குறிச்சி நிர்ணயம்

மனையின் வாசல் எத்திசையை நோக்க வேண்டும், அடுக்களை எந்த மூலையில் அமைய வேண்டும், கிணற்றை எங்கே தோண்டினால் கிருகலட்சுமி கோபிப்பாள் என்பவற்றையெல்லாம் அங்குல சுத்தமாக விதித்துவைத்த மனையடி சாஸ்திரகாரர், அந்த மனை எந்தக் குறிச்சியில் இருக்க வேண்டும் என்ற விஷயத்தில் மாத்திரம் மௌனம் சாதித்துவிட்டனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பிறந்த குறிச்சியிலேயே பெண்ணெடுத்து, அதே குறிச்சியின் சுடலையில் நீறாகிப் போனவர்களுக்காக எழுதியவர்கள் அவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, தீவகத்தின் அல்லைப்பிட்டியைத் தாண்டி, மணல்மேடுகளுக்கு நடுவே கிடக்கும் மண்கும்பானில் பிறந்த ஒருவன், ஒருநாள் ரொறன்ரோவிலோ நியூயோர்க்கிலோ விமானத்தை விட்டிறங்கி, தபாற்குறி இடப்பட்ட எண்ணிறந்த குறிச்சிகளுள் எதனை வாசஸ்தலமாக வரிப்பது என்று திகைத்து நிற்பான் என்பது அவர்களுடைய ஞானதிருஷ்டிக்கும் எட்டியிருக்க நியாயமில்லை. அக்குறையை நிவர்த்திக்கும் பொருட்டே இவ்வாராய்ச்சி எழுதப்படுகின்றது.

இருக்கும் இடத்தைத் தெரிவு செய்வதில் மண்கும்பானார் அனுபவமற்றவர்கள் அல்லர். மாரியிற் பெய்யும் மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் ஊறிநிற்கும் கடல்நீரின்மேல், பாரம் குறைந்த காரணத்தால், மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. அளவோடு அள்ளினால் நல்ல தண்ணீர், ஆசையோடு அள்ளினால் உவர். ஆகவே தீவகத்தில் காணி பார்க்கப் போனவன் முதலிற் பார்த்தது காணியையன்று, கிணற்றை. ஒரு கை அள்ளி வாயில் விட்டு முகத்தைச் சுளித்தானாயின், விலைபேச்சு அத்துடன் முடிந்தது. ரொறன்ரோ அமைந்த ஒன்ராறியோ வாவியின் கரையில் இந்தப் பிரமாணம் ஒரே நாளிற் செல்லாக்காசாயிற்று. கண்ணுக்கெட்டிய தூரம் கடலாக விரிந்தும் உப்புக் கரிக்காத அந்த நீர்ப்பரப்பைக் கண்ட தீவகத்தான் தர்க்க சாஸ்திரம் முழுவதையும் ஐயுறத் தொடங்கினால், அது அவன் பிழையாகாது. மாளிகைக்காரனுக்கும் வாடகைக்காரனுக்கும் அதே வாவியின் நீரே குழாய்வழி வருவதால், நீரைக் கொண்டு குறிச்சியைத் தரம்பிரிக்கும் வித்தைக்கு அங்கே வேலையில்லை.

வேறொரு வித்தை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மண்கும்பானில் நிலத்தைத் தோண்டினால் தண்ணீர் வரும். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் தோண்டினால் வாடகை வரும். நிலத்துக்குக் கீழே மனிதர் குடியிருக்கலாம் என்பதைச் சொப்பனத்திலும் கருதாத ஒரு சமூகம், ‘பேஸ்மென்ற்’ என்னும் பாதாள லோகத்தை வெகு விரைவில் ஸ்வீகரித்துக்கொண்டதோடு, வீடு பார்க்கப் போகுமிடத்தில் வானத்தையும் அயலையும் நோக்குமுன்னர், அப்பாதாளத்துக்குத் தனிவாசல் உண்டா என்று கேட்கவும் பழகிக்கொண்டது. மேலே வீட்டுக்காரர், கீழே அவருடைய வீட்டுக்கடனில் ஒரு பங்கை மாதந்தோறும் இறுக்கும் ஊரவர் குடும்பம். இடையிலே இடியப்ப வாசனை தடையின்றி ஏறியிறங்கும் படிக்கட்டு.

இனி, குறிச்சித் தெரிவுக்கு மக்கள் தம் வாயாற் கூறும் காரணங்களைப் பூர்வபட்சமாக வைத்து ஆராய்வாம். பள்ளிக்கூடவாதிகள், பிரேசர் நிறுவனம் வெளியிடும் பாடசாலைத் தரப்பட்டியலைத் தேவாரம்போல மனனம் செய்தவர்கள். பட்டியலில் உயர்ந்த பள்ளிக்கூடத்துக்கு அயலில் வீட்டை வாங்கிய பின்னரும், சனிக்கிழமை தோறும் பிள்ளையைக் காரில் ஏற்றி, பட்டியலில் இடமே பெறாத ஒரு கடைத்தொகுதியின் மாடிக்கு ரியூசனுக்குக் கொண்டோடுவதால், அவர்கள் பட்சம் அவர்களாலேயே நிராகரிக்கப்பட்டது. கோயில்வாதிகளுக்கும் இதுவே கதி: ரொறன்ரோவில் கார் திருத்தும் பட்டறைகளுக்கு நடுவே பண்டகசாலைக் கட்டடங்களில் மூர்த்திகள் எழுந்தருளியிருப்பதைப் பார்த்தால், அடியார் குடிபோன இடத்துக்குத் தெய்வம் பின்தொடர்ந்தது என்று கொள்ளலாமேயன்றி மறுதலையாகக் கொள்ள இடமில்லை.

வரிவாதிகள் சற்றே பலமுள்ளவர்கள். வீடு கைமாறும்போது மாகாணம் அறவிடும் வரிக்கு மேலாக, ரொறன்ரோ நகரசபை 2008ஆம் ஆண்டு முதல் தானும் ஒரு வரி அறவிட்டு வருகின்றது. பத்து லட்சம் டொலர் வீட்டுக்கு இந்த இரண்டாம் வரி மாத்திரம் 16,000 டொலருக்கு மேற்படும். ஸ்டீல்ஸ் வீதியோ நகரத்தின் வட எல்லை. அதன் தென்கரையில் வாங்குகிறவன் இரண்டு வரி கட்ட, வடகரையில், மார்க்கம் நகரில், வாங்குகிறவன் ஒன்றோடு தப்புகிறான். கார் காப்புறுதியும் தபாற்குறியைப் பார்த்தே விதிக்கப்படுவதால், ஒருவனுடைய வரவு செலவை இன்னதென்று சொல்ல அவன் ஜாதகம் வேண்டியதில்லை, தபாற்குறியே போதும். இவ்வளவு நியாயம் இருந்தும் இந்தப் பட்சமும் நிலைபெறாது. வரியே குறிச்சியை நிர்ணயிக்குமாயின், தென்கரையிலுள்ள ஸ்காபரோவில் இன்றைக்கு ஒரு தோசைக்கடைகூட மிஞ்சியிராது.

எண்வாதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டு சனியின் எண் என்று நம்மவர் அஞ்ச, அதுவே சீனருக்குச் சௌபாக்கியம். அவர்கள் நடுங்குவது நாலுக்கு. பக்கத்து ரிச்மண்ட் ஹில் நகரசபை 2013இல் புதிய வீடுகளுக்கு நாலாம் இலக்கம் வழங்குவதையே நிறுத்திவிட்டது. இரு சாதியாரும் கலந்து வாழும் தெருக்களில் எட்டை அவர்களுக்கும் நாலை எங்களுக்கும் விட்டிருந்தால், இரண்டு புராதன நாகரிகங்களின் சமரசம் தானாகவே சித்தித்திருக்கும். அவ்வாய்ப்பை ஒரு நகரசபை கெடுத்தது.

பூர்வபட்சங்கள் ஒழிந்தமையால் சித்தாந்தத்துக்கு வருவோம். எக்காரியத்துக்கும் முதல், துணை, நிமித்தம் என மூன்று காரணம் உண்டென்பதும், குடத்துக்கு மண் முதற்காரணம், தண்ட சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பதும் சைவ நூல் பயின்றார் அறிந்ததே. குறிச்சிக்கு முதற்காரணம் வங்கிக் கடன், துணைக்காரணம் மேலே கண்டித்த பள்ளிக்கூடம், வரி முதலாயின, நிமித்தகாரணம் அத்தான். அதாவது, முன்னரே அங்கே குடியேறி, விமான நிலையத்துக்கு வந்து கூட்டிப்போய், “எங்கடை பக்கத்திலை ஒரு வீடு விழுந்திருக்கு” என்று முதலில் வாய்திறந்த உறவினர். அத்தான் அங்கே வந்தது எதனால் எனின், அவருடைய சகலன் இருந்தமையால். சகலன் வந்தது வேலணையார் ஒருவர் இருந்தமையால். இப்படியே போனால் அநவஸ்தா தோஷம் வருமே என்று அஞ்ச வேண்டாம். சங்கிலி ஓரிடத்தில் முடிகின்றது.

1986 ஆகஸ்டில், நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். அந்தக் காலத்தில் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த நம்மவர் பலர் வெலஸ்லி, பார்லிமென்ற் வீதிகள் சந்திக்கும் புறத்திலே, சென் ஜேம்ஸ் ரவுண் என்னும் உயர்மாடித் தொகுதியில் ஒண்டினார்கள். 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கி, மண்கும்பானும் அல்லைப்பிட்டியும் மண்டைதீவும் கதறிக் கலைந்தபோது, எந்தக் குறிச்சி உத்தமம் என்று ஆராய்ந்து புறப்பட எவருக்கும் அவகாசம் இருக்கவில்லை. பாய் விரிக்க இடம் இருந்த அறையில் படுத்தார்கள். பிள்ளைகள் பெருகவும் ஸ்காபரோவுக்கும், பின் மார்க்கம், ஏஜக்ஸ் என்றும் நகர்ந்தார்கள். ஆகவே சங்கிலியின் தலைக்கண்ணியாக நிற்கும் ஆதி அத்தான் எதையும் தெரிவு செய்தவரல்லர். அவருக்குப் பின்வந்த ஆயிரம் குடும்பங்களும் செய்ததாகச் சொல்லிக்கொள்ளும் நுணுக்கமான தெரிவு முழுவதும், தெரிவே செய்யாத ஒருவருடைய பாயைச் சுற்றி அமைந்தது.

இது தமிழர்க்கே உரிய பலவீனம் என்று எவரும் இளக்காரம் பேசாதிருக்க, ஒல்லாந்தரையும் சாட்சிக்கு அழைப்போம். 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்த அவர்கள், வேலணைத் தீவை லைடன் என்றும், காரைதீவை ஆம்ஸ்ரடாம் என்றும், நயினாதீவை ஹார்லெம் என்றும் அழைத்தார்கள். அதே 1658இல் அவர்களுடைய ஆளுநர் ஸ்ரைவசன்ற், இன்றைய நியூயோர்க்காகிய நியூ ஆம்ஸ்ரடாமுக்கு வடக்கே இன்னொரு ஹார்லெமையும் ஸ்தாபித்தார். பூகோளத்தின் இரு கோடியிலும் சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே இருப்பதாக மனப்பால் குடித்த இந்த வல்லரசைவிட, வெலஸ்லி வீதி ஆதி அத்தான் எவ்வளவோ அடக்கமானவர்.

நியூயோர்க்கிலும் இலங்கையர் திரண்டது, தெரிவதற்கு அத்தனை பெரும் நிலம் இருக்க, ஸ்ரற்றன் ஐலண்ட் என்ற ஒரு தீவிலேதான். நகரத்தின் ஏனைய பகுதிகளோடு அதை இணைக்கும் பாலம் 1964இல்தான் திறக்கப்பட்டது. மன்ஹற்றனுக்கு 25 நிமிஷத்தில் ஓடும் கப்பலுக்கு 1997 முதல் கட்டணமில்லை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே காசு வாங்காமல் ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றியிறக்கும் ‘பாதை’ என்னும் மிதவையை அறிந்த தீவகத்தானுக்கு, இதற்குமேல் வேறு சிபாரிசு வேண்டுவதில்லை.

இந்தச் சித்தாந்தத்துக்கு ஓர் ஆட்சேபம் மாத்திரம் எஞ்சியுள்ளது: ரொறன்ரோவிலே பிறந்த பிள்ளைகள். ஒரு குடும்பத்திலே, மார்க்கத்தில் நாலு அறை வீட்டில் வளர்ந்த பேத்தி, வேலைக்கு நடந்து போகலாம் என்று சொல்லி, பாட்டனார் பாய் விரித்த அதே வெலஸ்லிப் புறத்தில் ஒற்றையறை ஒன்றை வாடகைக்கு எடுத்தாள்.

“அங்கை ஆர் இருக்கினம்?” என்றார் பாட்டனார்.

“ஒருத்தரும் இல்லை, அம்மப்பா. அதுக்குத்தான் போறன்.”

தாயார் அன்றிரவே தொலைபேசியை எடுத்தார். இரண்டாவது அழைப்பிலேயே, அதே கட்டடத்தின் ஏழாம் மாடியில் மண்கும்பான் பெரியம்மா வழிப் பொடியன் ஒருவன் இருப்பது தெரியவந்தது.