தேக்சாக்காரர்

தேக்சாக்காரர் என்பவர் சமையல்காரர் அல்ல, பாத்திர வியாபாரியும் அல்ல. தேக்சா என்றால் பிரியாணி ஆக்கும் பெரிய பாத்திரம். யாரோ கழித்துப் போட்ட செம்புத் தேக்சாவை எடைக்கு வாங்கி, டொக்கு எடுத்து, ஈயம் பூசி, விறகடுப்பில் ஏற்றித் தம் பிரியாணி பழகுகிறவர். பழகி முடித்தவரை இந்த வகையில் சேர்ப்பதில்லை. அவரைப் பிரியாணி மாஸ்டர் என்று சொல்லிவிடுவார்கள். ஆரணி, ஆற்காடு, ஆம்பூர், வாணியம்பாடி என்று சீரகச்சம்பா வாசம் அடிக்கும் ஊர்களிலெல்லாம் இவரைக் காணலாம் என்றாலும், பட்டு நெய்யும் பெரணமல்லூர் இவருக்கு மிகவும் தோதான மண். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் தறிக்குழியில் ஈரம் ஊறும், பாவு நூல் நமத்துப் போகும், தெருவில் பாவு ஓட்டவும் முடியாது. சும்மா இருக்கத் தெரியாத கைகள் பல நாள் சும்மா இருக்க வேண்டி வரும். பஸ் ஏறினால் ஆரணி. ஆரணியில் இறங்கினால் பிரியாணி. மீதி தானாக நடக்கும்.

வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். மகன் பெங்களூரில் இருப்பான். வீட்டில் அதுவரை வெந்நீர் வைத்துக்கூடப் பழக்கம் இருக்காது. ஆனால் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் உட்காருவதற்கு முன்பு கொல்லைப்புறம் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவார். அதுதான் முதல் அறிகுறி.

தேக்சா கிடைக்கும் இடம் பெரும்பாலும் வாடகைப் பாத்திரக் கடையின் பின்கட்டு. அலுமினியம் வந்த பிறகு செம்புக்கு அங்கேதான் வாசம். அலுமினியம் எடை குறைவு, விலை குறைவு, ஈயம் பூசும் செலவும் கிடையாது. ஆனால் செம்பு அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். அடி முழுவதும் சூடு சீராகப் பரவும். தேக்சாக்காரர் இதைக் கடைக்காரரிடம் விளக்குவார். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு விலையைக் கொஞ்சம் ஏற்றுவார். பிறகு தேக்சாக்காரர் விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். அடியும் உடம்பும் சேரும் இடத்தில் பல் பல்லாகத் தெரியும் பித்தளை ஒட்டைத் தடவிப் பார்ப்பார். சேலையின் கரையும் உடலும் சேரும் கோர்வையைப் பார்த்தே நெய்தவர் யாரென்று சொல்லிவிடுகிற கண் அது. ஒட்டு எவ்வளவு நேர்த்தி என்பது தெரியும், கசியுமா என்பது தெரியாது.

வீட்டுக்கு வரும் வழியிலேயே தேக்சாவுக்கு ஒரு வரலாறு உண்டாகிவிடும். சத்தியவிஜயநகரத்து அரண்மனையில் ஆரணி ஜாகீர்தார் வீட்டு விருந்துக்குச் சோறு ஆக்கியது என்பார். புளி போட்டுத் தேய்த்த பிறகு விளிம்பில் ஒரு மணமக்களின் பெயரும் 1978 என்ற வருடமும் புள்ளி புள்ளியாகத் தெரியும். தேக்சாக்காரர் அந்தப் பக்கத்தைச் சுவரை நோக்கித் திருப்பி வைப்பார்.

அடுத்த கட்டம் ஈயம். தயிரும் தக்காளியும் எலுமிச்சையும் வெறும் செம்பில் பட்டால் களிம்பு ஏறும், சாப்பிட்டவர் வயிற்றைப் புரட்டும். சரியாக ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் உணவுக்கு ஆகாது என்று 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளும் சொல்கின்றன. பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் கலந்தால் செலவு குறையும், விஷம் கூடும். ஈயம் பூசுகிறவர் பாத்திரத்தை அமிலம் போட்டுத் தேய்த்துக் கழுவி, கரி அடுப்பில் காய வைத்து, நவச்சாரத்தைத் தூவுவார். மூக்கைப் பிய்க்கும் வெள்ளைப் புகை எழும்பும். அதற்குள்ளேயே ஈயக் குச்சியை ஒரு கோடு இழுத்து, பஞ்சை வைத்து ஒரே வீச்சில் சுற்றித் துடைப்பார். சிவப்பாக இருந்த உட்புறம் கண் முன்னே வெள்ளையாகிவிடும். இந்தக் காட்சியைப் பார்த்த தேக்சாக்காரர் அன்றிரவு தூங்க மாட்டார்.

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். உள்ளே தண்ணீர் இருக்கிறவரை அந்தச் சூடு ஏறாது. வெறும் பாத்திரத்தை விறகின் மேல் வைத்தால் சில நிமிடங்களில் ஏறிவிடும். தேக்சாக்காரர் முதல் முறை ஈரம் போகட்டும் என்று வெறும் தேக்சாவை அடுப்பில் ஏற்றிவிட்டுப் போன் பேசப் போவார். திரும்பி வந்து எட்டிப் பார்த்தால் அடியில் வெள்ளி உருண்டைகள் ஓடிக்கொண்டிருக்கும். ஈயம் பூசினவர் சரியில்லை என்பது அவர் தீர்ப்பு. அதே ஆளிடம்தான் மறுபடியும் போவார். அவரும் ஒன்றும் கேட்காமல் பூசிக் கொடுப்பார். அவர் தொழிலில் இந்த வகை வாடிக்கையாளரால்தான் அடுப்பு எரிகிறது.

உட்புறம் முடிந்ததும் வெளிப்புறம். இதற்கு அவசியமே இல்லை. இருந்தாலும் தேக்சாக்காரரின் மனம் முழுக்க இங்கேதான் இருக்கும். புளி, எலுமிச்சை, செங்கல் தூள் எல்லாம் தீர்ந்து, மெஷினில் பஃப் போட்டு, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பு ஏற்றுவார். அதன் பிறகு முதல் சமையலுக்கு ஒத்தாசையாக ஆரணியிலிருந்து மாஸ்டர் பாய் வருவார். வந்ததும் ஒரு பிடி களிமண்ணைக் குழைத்து அந்தப் பளபளப்பின் மேல் அப்புவார். கரி மண்ணோடு போய்விடும், கழுவச் சுலபம் என்பது காரணம். தேக்சாக்காரர் முகத்தில் அப்போது தோன்றுவதைப் பார்க்கவே தெருவில் நாலு பேர் நிற்பார்கள்.

விறகைப் பற்றி அவர் நிறையப் படித்திருப்பார். சவுக்கு சீராக எரியும், புளிய விறகின் தணல் நெடுநேரம் நிற்கும், வேலிக்காத்தான் சூடு அதிகம், ஈர விறகின் நீர் ஆவியாகித் தீரும்வரை புகைதான் வரும். இவ்வளவும் சரி. ஆனால் தீயை வளர்க்கத் தெரிந்தவருக்கு அதைக் குறைக்கத் தெரியாது. இதுதான் இந்த வகையின் மையக் குறை. பாய் ஒரு மணி நேரத்தில் அடுப்புக்குள் விறகு வைப்பது இரண்டு மூன்று தடவை, வெளியே இழுப்பது ஏழெட்டுத் தடவை. தேக்சாக்காரர் வைக்கும் தடவைகளை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். “அண்ணே, அடுப்பையே பார்க்காதீங்க, உள்ள இருக்கறதைப் பாருங்க” என்பார் பாய். அதையும் குறித்துக்கொள்வார்.

இந்த நோய் பெரணமல்லூரோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் டெக்சாஸில் எண்ணெய்க் குழாய்களை வெட்டிச் செய்த இரும்புப் புகைப்பெட்டிகள் உண்டு. விறகு பக்கத்து அறையில் எரியும்; சூடும் புகையும் கறி இருக்கும் அறை வழியாகப் போய் மறுமுனைக் குழாயில் வெளியேறும். மாட்டின் நெஞ்சுக்கறியை ஏறத்தாழ 110 முதல் 120 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வைப்பார்கள். அங்கேயும் துருப்பிடித்த பழைய பெட்டியை வாங்கிச் சுரண்டி, எண்ணெய் தடவிக் காய வைத்து, கதவு இடுக்கை அடைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் இருப்பார். கறியின் உட்சூடு 65, 70 டிகிரியை எட்டியதும், மேலே ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதால், மணிக்கணக்கில் ஏறாமல் நிற்கும். அந்த நேரத்தில் பொறுக்காமல் விறகைத் திணிப்பதும் மூடியைத் திறந்து பார்ப்பதும்தான் அந்த ஊர்ப் புதியவரின் தொழில்.

தம்மும் அப்படித்தான். மசாலாவில் வெந்த கறியின் மேல், முக்கால் பதத்தில் வடித்த அரிசியைக் கொட்டிக் கிளறி, மூடியைச் சுற்றி மாவு ஒட்டி, கீழே தீயை இழுத்துவிட்டு மூடி மேல் தணலைப் பரப்ப வேண்டும். மீதிக் கால் பதத்தை உள்ளே அடைபட்ட ஆவி பார்த்துக்கொள்ளும். யாரும் தொடக் கூடாது. தேக்சாக்காரரால் தொடாமல் இருக்க முடியாது. ஒரு மூலையில் மாவைப் பெயர்த்துப் பார்ப்பார், ஆவி போய்விடும், மேல் சோறு விறைத்து நிற்கும். அதைச் சரிக்கட்டக் கீழே இரண்டு கட்டை வைப்பார், அடி பிடிக்கும். மேலே அரை வேக்காடு, கீழே கரி, நடுவில் மட்டும் உண்மையிலேயே அருமையான பிரியாணி.

இன்னொரு சிக்கல் அளவில் இருக்கிறது. வாடகைக் கடையில் கிடைப்பது பத்து கிலோ அரிசி வேகும் தேக்சா. அதில் இரண்டு கிலோ போட்டால் அடியில் ஒரு விரல் கனத்துக்குப் பரவிக் காய்ந்துபோகும். ஆவி சேரப் போதிய சோறு இருக்காது. குறைந்தது ஐந்து கிலோ அரிசி, அதற்குச் சமமாக ஐந்து கிலோ கறி வேண்டும். “என்னங்க, ரெண்டு பேருக்கு எதுக்கு இம்மாம் பெரிய பாத்திரம்?” என்று வீட்டம்மா கேட்பது நியாயமான கேள்வி. பதில் கிடைக்காது, தெருவுக்கே அழைப்புப் போகும்.

பெரணமல்லூர்ப் பக்கம் உறவோ நட்போ இருந்து, ஞாயிற்றுக்கிழமைக்கு அப்படி அழைப்பு வந்தால் தட்ட வேண்டாம். பன்னிரண்டு மணிக்கு என்று சொன்னால் இரண்டரைக்குப் போகலாம். நடுப்பகுதியாகப் பார்த்துப் போடச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். கிளம்புவதற்கு முன் வீட்டில் நாலு இட்லி சாப்பிட்டுவிடுவது உத்தமம்.