எண்ணாதே பேராண்டி!

வா பேராண்டி, உட்காரு. மலாக்கா செங் வட்டாரத்துல உங்க அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்துக்கு நீதான் பொருளாளராமே? இந்தக் கோப்பிக்கு நானே காசு குடுக்குறேன். சங்கக் கணக்குல எழுதிடாதே, அந்தப் பழக்கமெல்லாம் தானா வரும்.

பால்மரம் சீவுன கிழவனுக்குப் பதவியப் பத்தி என்ன தெரியும்னு நினைப்பே. எனக்குப் பெரட்டு தெரியும்டா. பொழுது விடியுமுன்ன வரிசையா நிப்போம், கிராணி பேரு கூப்பிடுவாரு. ஒரு தலை குறைஞ்சா தண்டல் லயத்து வாசலுக்கே வந்துடுவாரு. துரைக்கு நம்ம மேல பாசமா? மரம் சும்மா நின்னா அவருக்கு நட்டம். நட்டப்படுறவன்தான் எண்ணுவான்.

உனக்கு என்ன நட்டம்? அதனால எண்ணாதே. தொகுதி ஒய்பி வந்து கதவு அகலத்துக்கு அட்டைக் காசோலையத் தூக்கிக் காட்டினா, பக்கத்துல நின்னு சிரி. அது எந்த பேங்க்குல மாறும்னு கேட்டு வைக்காதே. அடுத்த வருசம் போட்டோவுல உன் தலை இருக்காது.

நான் கேட்டுக் கெட்டவன். 2011 பட்ஜெட்டுல தோட்டத் தொழிலாளி வீடு வாங்க 5 கோடி வெள்ளின்னாங்க. 60,000 வெள்ளி வீட்டுக்குக் கடன், 4 விழுக்காடு வட்டி, 40 வருசத் தவணை. அம்பது வயசுல வாங்கினா தொண்ணூறுல சாவி முழுசா நம்மது! ஒரு ஆபீசுல போய், "அந்த விலைக்கு வீடு எங்கய்யா இருக்கு?"ன்னேன். நாலாவது கவுண்டருக்குப் போகச் சொன்னாங்க. அங்க மூணுதான் இருந்துச்சு.

இன்னொண்ணு கேளு. தோட்டத்துல ஆயாக் கொட்டாய் இருந்துச்சே, உங்க அப்பன் வளர்ந்ததே அங்கதான். ஏணையில பத்துப் பதினஞ்சு பிள்ளைங்க ஆடும், ஒரு கிழவி பால் காய்ச்சுவா. ஈ மொய்க்கும், ஆனா எத்தனை பிள்ளைன்னு அவளுக்குத் தெரியும். 1990-ல தொழிலாளர் வீட்டு வசதிக்காக வந்த 446-ஆம் சட்டத்துலயே இருக்கு: நாலு வயசுக்குக் கீழ பத்துப் பிள்ளை இருந்தா, முதலாளி பிள்ளைக் காப்பகம் வைக்கணும். அப்புறம் பால்மரம் போச்சு, செம்பனை வந்துச்சு; அதுவும் போய் தாமான் வந்துச்சு. சனமெல்லாம் அடுக்குமாடிக்குப் போனாங்க. சட்டம் தோட்டத்து வாசல்லயே நின்னுடுச்சு.

அரசாங்கத்து பிபிஆர் அடுக்குமாடி வீட்டுக்கு மாச வாடகை 124 வெள்ளி. குடுத்தா ரசீது உண்டு. ஆத்தா ராத்திரி சிப்டுக்குப் போறப்ப உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போற பிள்ளைக்கு ரசீது ஏது?

2024 செப்டம்பர் 11-ல போலீஸ்காரங்க சிலாங்கூர்லயும் பக்கத்து நெகிரி செம்பிலான்லயும் 20 நல இல்லங்களுக்குள்ள நுழைஞ்சு 402 பிள்ளைகள மீட்டாங்க. நானூத்தி ரெண்டு! ஒரு தலை குறைஞ்சதுக்கே தண்டல் ஓடி வந்த நாட்டுலடா இது.

அதே வருசம் தணிக்கைச் சட்டத்தையும் திருத்தினாங்க. அரசாங்கப் பணம் வாங்குன கம்பெனிக்குள்ளயும் தலைமைக் கணக்காய்வாளர் போய்ப் பாக்கலாமாம். நல்ல சட்டம்தான், குத்தம் சொல்லல. கம்பெனி வரைக்கும் வருவாரு. உங்க ஒன்பதாம் மாடிப் பூட்டுன கதவு வரைக்கும் வருவாரா? அதுக்கு முதல்ல லிப்ட் ஓடணுமே!

என்னடா முறைக்கிறே? சொன்ன புத்தியக் கேக்கவே மாட்டியா? அப்ப கடையில ஒரு 555 நோட்டு வாங்கு. கடன் எழுதுற அதே நோட்டுதான். எந்த வீடு, எத்தனை பிள்ளை, பெத்தவங்க இல்லாதப்ப யாரு பாத்துக்கிறா, மூணே மூணு கோடு போடு. சங்கத்துக்கு வந்த பணம் கடைசிப் பக்கத்துல இருக்கட்டும். அட்டையில 15999-ன்னு பெருசா எழுது. பிள்ளைக்கு ஆபத்துன்னா கூப்பிடுற நம்பர், ராத்திரியும் எடுப்பாங்க.

மாசி மகத்துக்கு சந்நியாசிமலைக் கோயிலுக்கு வருவேல்ல, நோட்டையும் கொண்டா. நான் கூட்டித் தர்றேன்.