பற்றறுக்கும் சர்வீஸ் சென்டருக்கு ஒரு பக்தனின் விண்ணப்பம்

அனுப்புநர்:
ஸ்பேஸ் பாரைச் சரிசெய்யக் கொடுத்து, ஞானம் பெற்றுத் திரும்பிய வாடிக்கையாளன்,
சென்னை.

பெறுநர்:
மாட்சிமை தங்கிய மேலாளர் அவர்கள்,
அங்கீகரிக்கப்பட்ட லேப்டாப் சர்வீஸ் சென்டர்.
(பெயர் வேண்டாம். முக்தி அடைந்தவர்களுக்குத் தெரியும்.)

பொருள்: ஸ்பேஸ் பாருக்கு அடியில் சிக்கிய எள்ளின் பொருட்டு ஹார்ட் டிஸ்க்கை முழுவதும் அழித்தமைக்கு நன்றி – தொடர்பாக.

பார்வை: தங்கள் ஜாப் ஷீட்டின் பின்பக்கம், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது.

சுவாமி,

அடியேன் வணக்கம். ஸ்பேஸ் பார் அமுங்கவில்லை என்று என் லேப்டாப்பைத் தங்கள் சன்னிதானத்தில் விட்டுவிட்டு வந்தேன். அடித்ததெல்லாம் ஓலைச்சுவடி மாதிரி சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லாமல் ஓடியது. குறை அவ்வளவுதான். நேற்று மெசேஜ் வந்தது, போய் வாங்கினேன். இப்போது ஸ்பேஸ் பார் அருமையாக அமுங்குகிறது. ஜாப் ஷீட்டில் 'காரணம்: அந்நியப் பொருள்' என்று எழுதி, அந்த அந்நியப் பொருளையும் ஒரு சின்ன ஜிப் கவரில் போட்டு பின் அடித்திருந்தீர்கள். ஒரே ஒரு எள். அடுத்த வரி: 'டிஸ்க் ஃபார்மேட், விண்டோஸ் ரீஇன்ஸ்டால்.' ஆக, எள்ளை என் கையில் கொடுத்துவிட்டு, என் டேட்டாவுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டீர்கள்.

"கீபோர்டுக்கும் ஃபார்மேட்டுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கவுன்ட்டரில் இருந்த தம்பியைக் கேட்டேன். "சாஃப்ட்வேர் ப்ராப்ளமா இருக்குமோன்னு செக் பண்ணுவோம் சார். ப்ரொசீஜர்." பிறகு ஹாலில் டோக்கனோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "ஏன் சார், பேக்கப் எடுத்து வைக்கலையா?" என்றார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. "டேட்டா கஸ்டமர் பொறுப்பு சார். பின்னாடி போட்டிருக்கு, நீங்க சைன் பண்ணிருக்கீங்க."

ஆம் சுவாமி, பண்ணியிருக்கிறேன். பட்டினத்தார் ஓர் ஊசியைப் பார்த்துத் துறவு பூண்டதாகச் சொல்வார்கள். எங்கள் தலைமுறைக்கு உங்கள் ஸ்க்ரூடிரைவர் போதும். பிள்ளையின் முதல் பிறந்தநாள் போட்டோ, வருமானவரிக் கணக்கு, வில்லங்கச் சான்றிதழின் ஸ்கேன், பாதியில் நிற்கும் நாவல் என்று எத்தனை தளைகள்! வேறு மடங்களில் இவற்றை அறுக்க ஆயுள் முழுதும் தவம் கிடக்க வேண்டும். தாங்கள் மூன்று வேலை நாட்களில், வாரன்டியிலேயே அறுத்துத் தருகிறீர்கள்.

ஆனால் தங்களிடம் மறைக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. இந்தச் சீடன் தீட்சைக்குத் தகுதியில்லாதவன். லேப்டாப்பை உங்களிடம் கொண்டுவருவதற்கு முன்பே டிஸ்க் முழுவதையும் பிரதி எடுத்து வீட்டில் வைத்திருந்தேன். அதைச் சொன்னதும் தம்பி, "எந்த சாஃப்ட்வேர் சார்? லைசென்ஸ் எவ்ளோ?" என்றார். இலவசம் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "க்ராக்கா சார்?" என்றார்.

அந்தக் கேள்விதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில், நாள் முழுவதும் அடுத்தவர் டிஸ்க்கை அழிக்கிற இடத்தில், இலவசமாக ஒரு பேக்கப் மென்பொருள் இருக்கும் என்றால் அது திருட்டுச் சரக்காகத்தான் இருக்க வேண்டுமா? தம்பிக்கு யாருமே சொல்லித் தரவில்லை. எனவே, தங்கள் முக்தித் திருப்பணிக்கு இடையூறாக மறுபிறவி வழங்கிக்கொண்டிருக்கும் அசுர சக்திகளின் பட்டியலை இங்கே சமர்ப்பிக்கிறேன்.

முதல் அசுரன் குளோன்ஸில்லா. தைவானில், அரசு சார்ந்த உயர்திறன் கணிப்பு மையத்தில் உருவானது. கட்டற்ற மென்பொருள். யாரும் இறக்கிக்கொள்ளலாம், காசு இல்லை, ரிஜிஸ்டர் பண்ணு என்ற தொல்லையும் இல்லை. அதை ஒரு பென் டிரைவில் ஏற்றி, லேப்டாப்பை அந்தப் பென் டிரைவிலிருந்து பூட் செய்ய வேண்டும். விண்டோஸ் உறங்கிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கைப் பிரதி எடுத்துவிடும். எழுத்து மட்டுமே உள்ள திரை, மவுஸுக்கு வேலையில்லை. பார்க்க பயமாகத்தான் இருக்கும். ஆனால் நல்ல புத்திசாலி. டிஸ்க்கில் எழுதப்பட்ட பகுதியை மட்டும் எடுத்து, சுருக்கி, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் வைக்கும். கடைசியில் 'எடுத்த பிரதி திரும்ப ஏற்றும் நிலையில் இருக்கிறதா என்று சோதிக்கட்டுமா?' என்று அதுவே கேட்கும். பிரதி எடுக்காமல் ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு நேராகக் கூடுவிட்டுக் கூடு பாயவும் தெரியும். போய்ப் புகும் கூடு பழையதைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். சித்தர்கள் காட்டுக்குப் போய்க் கற்ற வித்தை, இப்போது பென் டிரைவில் கிடைக்கிறது.

முக்கியமான ஒன்று: டிஸ்க்கில் எதையாவது எழுதி அழிப்பதற்கு முன் குளோன்ஸில்லா 'இதிலுள்ள எல்லாம் போய்விடும், நிச்சயமா?' என்று கேட்கும். நாம் 'ஒய்' அடித்தால், நம்பாமல் இன்னொரு முறை கேட்கும். இலவச மென்பொருளுக்கு இருக்கிற இந்தக் கூச்சம், பணம் வாங்கும் தங்களுக்கு இல்லாதது தங்கள் துறவின் முதிர்ச்சியைக் காட்டுகிறது.

கறுப்புத் திரையைக் கண்டு அஞ்சுபவர்களுக்கு அதே குலத்தில் பிறந்த தம்பி ரெஸ்க்யூஸில்லா இருக்கிறான். பட்டனும் படமுமாக, 'பேக்கப்', 'ரீஸ்டோர்', 'க்ளோன்' என்று கேட்டு, காட்டி, செய்து தருவான். அண்ணன் எடுத்த பிரதியையும் இவனால் திறக்க முடியும். விண்டோஸுக்குள் இருந்தபடியே, வேலை நடக்கும்போதே எடுக்க வேண்டுமென்றால் வீம் ஏஜென்ட்டின் இலவசப் பதிப்பு இருக்கிறது. எல்லோரும் பரிந்துரைத்துக்கொண்டிருந்த மேக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவசப் பதிப்பு மட்டும் தங்கள் வழிக்கு வந்துவிட்டது: 2022-ல் நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள், 2024 பிறந்ததோடு பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றன.

மைக்ரோசாஃப்ட் ஏதாவது தந்திருக்குமே என்பீர்கள். தந்திருக்கிறது. கன்ட்ரோல் பேனலின் அடி ஆழத்தில் 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர் (விண்டோஸ் 7)' என்று ஒன்று, விண்டோஸ் 11-லும் அதே பெயரில் இருக்கிறது. அதன் வழியாக டிஸ்க் முழுவதையும் பிரதி எடுக்கலாம். ஆனால் அதை இனி வளர்க்கப்போவதில்லை, வேறு மென்பொருளைப் பாருங்கள் என்று 2017-லேயே சொல்லிவிட்டார்கள். பளிச்சென்று கண்ணில் படுகிற இடத்தில் 'விண்டோஸ் பேக்கப்' என்று புதிதாக ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது டிஸ்க்கைப் பிரதி எடுக்காது, சில ஃபோல்டர்களையும் செட்டிங்குகளையும் ஒன்டிரைவுக்கு அனுப்பும். ஒன்டிரைவில் இலவச இடம் 5 ஜிபி. என் டிஸ்க் 1 டிபி. மீதியைத் துறந்துவிடு என்று அவர்களும் சொல்கிறார்கள். மடம் வேறானாலும் உபதேசம் ஒன்றே. ஆப்பிள்காரர்கள் 2007-லிருந்தே டைம் மெஷினைக் கூடவே கொடுத்து, தங்கள் பக்தர்களை ஞானமடைய விடாமல் கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஆக, மறுபிறவியின் மொத்தச் செலவு ஒரு பென் டிரைவ், ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். இரண்டும் ரிச்சி தெருவில் கிடைக்கும். நேற்றிரவு அந்த எக்ஸ்டர்னலைச் செருகி, 'ரீஸ்டோர்' கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் பழைய வால்பேப்பர், பழைய ஐகான்கள், பாதி நாவல் உட்பட எல்லாம் பழையபடி. தாங்கள் அருளிய முக்தி ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை, மன்னியுங்கள்.

கவுன்ட்டரில் இன்னொரு பிரசாதமும் தந்தார்கள்: தங்கள் 'பார்ட்னர்' டேட்டா ரெக்கவரி நிறுவனத்தின் கார்டு. பரிசோதனைக் கட்டணம் தனி, டேட்டா கிடைக்காவிட்டாலும் திருப்பித் தரப்படாது. ரெக்கவரிக்கும் இலவச வழி உண்டு சுவாமி. பார்ட்டிஷன் தொலைந்தால் டெஸ்ட்டிஸ்க், அழிந்த போட்டோக்களைத் தேட ஃபோட்டோரெக், பேட் செக்டரோடு இழுத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களைக் குறித்துவைத்துப் பிறகு திரும்பி வந்து முயலும் டிடிரெஸ்க்யூ. எல்லாம் இலவசம். ஆனால் இவையெல்லாம் பழைய சுழலும் டிஸ்க்கில்தான் பெரும்பாலும் பலிக்கும். இப்போதைய லேப்டாப்பில் இருப்பது எஸ்எஸ்டி. அதை ஃபார்மேட் செய்ததும் விண்டோஸ் டிரிம் கட்டளை அனுப்பும். 'இந்த இடமெல்லாம் இனி வேண்டாம்' என்று எஸ்எஸ்டி உள்ளுக்குள் துடைத்துவிடும். அதற்கு மேல் விண்டோஸையும் புதிதாக ஏற்றியாகிவிட்டது. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். தோண்டி எடுத்தாலும் வெறும் குப்பைதான் கிடைக்கும். மதர்போர்டை மாற்றினாலே 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கும் பூட்டு அது.

அதாவது, திரும்ப வராது என்று தெரிந்தே அழித்துவிட்டு, திரும்ப எடுத்துத் தர ஒரு கார்டையும் நீட்டுகிறீர்கள்.

எனக்குப் பின்னால் டோக்கனோடு ஓர் அம்மா நின்றிருந்தார். சின்னச் சின்னக் கடைகளுக்கு டேலியில் கணக்கெழுதிக் கொடுப்பவர். ஃபேன் சத்தம் போடுகிறது என்று கொடுத்திருக்கிறார். ஃபேன்! அவருக்கும் அதே ப்ரொசீஜர், அதே பின்பக்கம், அதே கார்டு. அவர் சண்டை போடவில்லை, அழவில்லை. "இருபதாம் தேதிக்குள்ள ரிட்டர்ன் போடணுமே தம்பி" என்று மட்டும் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. ஃபேனைத் துடைக்க லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றினால் பெரும்பாலான லேப்டாப்பில் எஸ்எஸ்டி கண்ணெதிரே, சூயிங்கம் பட்டை அளவில் இருக்கும். அதைப் பிடித்துவைத்திருப்பது ஒரே ஒரு திருகு. அந்தத் திருகைக் கழற்றி, எஸ்எஸ்டியை ஒரு கவரில் போட்டு அந்த அம்மாவின் கையில் கொடுக்க ஒரு நிமிஷம் ஆகுமா? எள்ளைக் கவரில் போட்டுக் கொடுக்கத் தெரிந்த உங்களுக்கு இது தெரியாதா? தெரியும். செய்யவில்லை, ஏனென்றால் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. யாருடைய பிழைப்பு போனாலும் உங்கள் மீது வழக்கு வராது என்ற தைரியம். இதற்குப் பெயர் ப்ரொசீஜர் இல்லை, திமிர்.

மன்னிக்கவும் சுவாமி. துறவியின் முன் கோபம் கூடாது.

தங்கள் பரம்பரை பெரிது என்பதையும் மறக்கவில்லை. 1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் யாரோ கொடுத்த ஒரு கட்டளையில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் பெரும்பகுதி அழிந்தது. பேக்கப் எடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது சரியாக வேலை செய்யவில்லை. குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த கேலின் சஸ்மனின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்ததால் படம் மறுபிறவி எடுத்தது. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்து, அரசு ஊழியர்களின் கோப்புகள் 858 டிபி எரிந்தன. மிகப் பெரிது என்பதால் வெளியில் பிரதி எடுத்து வைக்கவில்லையாம். ஓர் அரசாங்கமே மொத்தமாக முக்தி அடைந்தது. தாங்கள் கவுன்ட்டர் கவுன்ட்டராகச் செய்வதை அங்கே ஒரே நாளில் முடித்துவிட்டார்கள், பொறாமை வேண்டாம்.

இனி விண்ணப்பம். மூன்றே கோரிக்கைகள்.

ஒன்று, 'உங்கள் டிஸ்க்கை அழிப்போம்' என்று ஜாப் ஷீட்டின் முன்பக்கத்தில், தமிழில், உங்கள் லோகோ அளவுக்குப் பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். கையெழுத்து வாங்குவதற்கு முன் அதை வாயாலும் சொல்லுங்கள். முக்தி என்பது சொல்லிக் கொடுக்க வேண்டியது, திருட்டுத்தனமாகத் திணிக்க வேண்டியது இல்லை.

இரண்டு, கீபோர்டு, ஃபேன், ஹின்ஜ், சார்ஜிங் பின் என்று வந்தால் டிஸ்க்கைத் தொடாதீர்கள். கழற்ற முடிந்தால் கழற்றி உடையவரிடம் கொடுங்கள். உங்களுக்கு விண்டோஸ் வேண்டுமானால் உங்கள் டிஸ்க் ஒன்றைப் போட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள்.

மூன்று, கவுன்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, ஒரு ரெஸ்க்யூஸில்லா பென் டிரைவ், ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்க் வையுங்கள். 'அழிப்பதற்கு முன் பிரதி எடுத்துத் தரப்படும்' என்று எழுதிப் போடுங்கள். அதற்குக் காசும் வாங்கிக்கொள்ளுங்கள், நாங்கள் கொடுப்போம். மென்பொருள் இலவசம்தானே என்று பேரம் பேச மாட்டோம்.

இன்று காலை தங்கள் அலுவலகத்திலிருந்து கருத்துக் கேட்டு போன் வந்தது. அந்தத் தம்பி முன்பே கெஞ்சியிருந்தார்: "பத்துக்குப் பத்து குடுத்துடுங்க சார், ஒம்பது போட்டாக்கூட இன்சென்ட்டிவ் கட் பண்ணிடுவாங்க." அவர் மீது தவறில்லை, பத்து கொடுத்தேன். 'வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால், பீப் ஒலிக்குப் பிறகு பேசவும்' என்றது பதிவுக் குரல். மேலே உள்ள அனைத்தையும் பேசினேன். முதல் கோரிக்கையிலேயே லைன் அறுந்துவிட்டது. அந்தப் பதிவுக்குத் தங்களிடம் பேக்கப் இருக்காது என்பதால்தான் எழுத்தில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அருளுக்குத் தகுதியற்ற,
பற்று நீங்காத பாவி.

நகல்: 1. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில். 2. ஊரில் இருக்கும் தங்கை வீட்டில் ஒரு பென் டிரைவில்.