பொத்தானின் பூர்வோத்தரம்

இங்கிலாந்திலே டார்செட் ஜில்லாவில், 1622-இல் ஏப்ரகாம் கேஸ் என்பவர் தொடங்கிவைத்த தொழிலைப் பற்றிக்கொண்டு, இருநூறு வருஷங்களுக்கு மேலாக, ஏழைக் குடியானவர் வீட்டு ஸ்திரீகள், ஊசியால் நூலைச் சுற்றியும், பிற்காலத்தில் கம்பி வளையத்தின்மேல் சக்கரத்து ஆரக்கால்போலப் பின்னியும், பொத்தான் செய்து ஜீவனம் நடத்தினார்கள். 1851-இல் லண்டன் மகா கண்காட்சியில் பொத்தான் செய்யும் யந்திரமொன்று பிரசன்னமாகவே, அக்கைத்தொழில் அஸ்தமித்து, பலர் கப்பலேறிப் பரதேசம் போனார்கள். அன்று, 'ஒன்றைப்போல் ஒன்று இல்லையே' என்று கைப்பொத்தானைத் தள்ளிய நாகரிக உலகம், இன்று அதே காரணத்தைச் சொல்லி, யந்திரப் பொத்தானைவிடப் பன்மடங்கு விலை கொடுத்து அதை வாங்கி ஆனந்திக்கிறது. வீட்டிலிருந்தபடியே செய்து விற்பவர்களும், சமயமறிந்து, கோணலுக்குக் 'கலை' என்று நாமகரணம் செய்துவிட்டார்கள். ஆகையால், வாசகரே, சட்டைப் பொத்தான் அறுந்தால் விசனப்படாதீர். நீரே கோணலாகத் தைத்துக்கொள்ளும். கலாரசிகர் என்ற பட்டமாவது மிஞ்சும்.