வாளிக்கு முன்னால் வர வேண்டியவர்கள்

கேள்வி – பதில்

எண்ணூர் வாசகர்: 2017-ல் கடலில் சிந்திய எண்ணெயை வாளியில் அள்ளினார்களே, வெட்கக்கேடு இல்லையா?

வாளியில் வெட்கம் ஒன்றுமில்லை. பாறை இடுக்கில் அப்பிக்கொண்ட கெட்டி எண்ணெயை உலகம் முழுக்க இன்றும் கையால்தான் அள்ளுகிறார்கள். வெட்கப்பட வேண்டியது வாளிக்கு முந்தைய மணி நேரங்களுக்காக. ஜனவரி 28 விடியற்காலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்றது துறைமுகத்தின் முதல் அறிக்கை. பின்னால் வந்த அதிகாரபூர்வக் கணக்கு சுமார் 196 டன். சிந்தவே இல்லாத எண்ணெயைத் தடுக்க யார் ஓடி வருவார்கள்?

ராயபுரம் வாசகி: சாக்கடையையே உறிஞ்சும் சூப்பர் சக்கர் லாரிகள் அங்கே திணறியது ஏன்?

கனத்த எரிஎண்ணெய் அலையில் புரளும்போது கிரைண்டரில் போட்ட உளுந்து மாதிரி தண்ணீரை இழுத்துக்கொண்டு பொங்கும். மூன்று, நான்கு மடங்குகூடப் பெருகும். அந்தக் குழம்பு குழாயை அடைத்துவிட்டது. சிந்தியதைவிட அள்ளியது அதிகம் என்று கணக்கு வருவதும் இதனால்தான். அபூர்வமாக, கணக்கில் யாரும் கை வைக்கவில்லை.

தூத்துக்குடி வாசகர்: சிறப்புக் குழு வந்துவிட்டால் மொத்த எண்ணெயையும் எடுத்துவிடுமா?

திறந்த கடலில் பத்தில் ஒரு பங்கை எடுத்தாலே கைதட்டலாம். மிதவைத் தடுப்பைச் சுற்றிப் போட்டு எண்ணெயைக் குவிக்க வேண்டும். பிறகு ‘ஸ்கிம்மர்’ அதை வழித்தெடுக்கும். நீரோட்டம் மணிக்குச் சுமார் 1.3 கிலோமீட்டரைத் தாண்டினால், குறுக்கே போட்ட தடுப்புக்கு அடியில் எண்ணெய் நழுவிவிடும். படலம் மெலிந்து பரவிவிட்டாலோ ஸ்கிம்மருக்கு வெறும் தண்ணீர்தான் கிடைக்கும். அதனால், முதல் நாள் வரும் பத்துப் பேர் பத்தாம் நாள் வரும் ஆயிரம் பேருக்குச் சமம்.

கடலூர் வாசகர்: இதற்கெல்லாம் பொறுப்பு யார்?

1996 முதல் தேசியத் திட்டம் ஒன்று இருக்கிறது. கடலில் ஒருங்கிணைப்பது கடலோரக் காவல்படை. இதற்கென்றே ‘சமுத்ர பிரஹரி’ போன்ற கப்பல்கள் அவர்களிடம் உண்டு. 700 டன் வரையிலான கசிவைச் சமாளிக்கும் கருவிகளைத் துறைமுகமும் எண்ணெய் நிறுவனங்களும் தயாராக வைத்திருக்க வேண்டும். கரையைச் சுத்தம் செய்வது மாநில அரசின் வேலை. முகத்துவாரத்தில் இந்த மூன்று பேரின் எல்லையும் சந்திக்கிறது. எண்ணெய் பெரும்பாலும் அங்கேதான் வந்து நிற்கிறது.

திருவொற்றியூர் வாசகி: 2017-ல் வாளி. 2023-ல்?

மக். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தபோது, மீனவர்கள் படகில் உட்கார்ந்து அதை மக்கால் மொண்டார்கள். பாத்திரம் சிறிதாகிவிட்டது, கழிமுகம் அப்படியேதான் இருக்கிறது.

மதுரை வாசகர்: சோப்புக் கரைசல் ஊற்றினால் எண்ணெய் கரைந்துவிடாதா?

இங்கிலாந்து ஊற்றிப் பார்த்தது. 1967-ல் கார்ன்வால் அருகே ‘டாரி கேன்யன்’ கப்பல் பாறையில் மோதியபோது, விமானப்படையை அனுப்பிக் குண்டு போட்டார்கள். சுமார் 10,000 டன் டிடர்ஜென்ட்டைக் கொட்டினார்கள். கரையோர உயிர்களைக் கொன்றதில் எண்ணெயைவிட மருந்துக்கே பங்கு அதிகம். இன்றைய சிதறடிப்பான்கள் அவ்வளவு கொடியவை அல்ல. ஆனாலும் அவை எண்ணெயை அழிப்பதில்லை. துளித்துளியாக உடைத்து அடியில் தள்ளுகின்றன. ஆழ்கடலில் அதற்கு நியாயம் உண்டு. இறால் குஞ்சு வளரும் கழிமுகத்தில் ஊற்றினால் அது இரண்டாவது விபத்து.

பழனி வாசகர்: தலைமுடி எண்ணெயை உறிஞ்சுமாமே?

உறிஞ்சும். மொட்டை போடும் ஊரிலிருந்து நீங்கள் கேட்பது பொருத்தம்தான். 2020-ல் மொரீஷியஸ் பவளத்திட்டில் ‘வகாஷியோ’ கப்பல் தரைதட்டிச் சுமார் 1,000 டன் எண்ணெய் கசிந்தது. ஊர் மக்கள் கரும்புச் சோகையையும் தலைமுடியையும் துணியில் திணித்துத் தைத்து மிதவை கட்டினார்கள். இந்தியாவிலிருந்து கடலோரக் காவல்படையின் 10 பேரும் 30 டன்னுக்கு மேல் கருவிகளும் விமானத்தில் போயின. மொட்டை போட்டவர்களின் தொண்டு பெரிது. ஆனால் கப்பல் தரைதட்டியது ஜூலை 25. எண்ணெய் பெருமளவில் கசியத் தொடங்கியது ஆகஸ்ட் 6. இடையில் கிடந்த நாட்களுக்கு முடி ஈடாகாது.

சேலம் வாசகர்: டேங்கர் லாரிப் பின்பலகையில் ‘1203’, ‘3YE’ என்று இருக்கிறதே, லாட்டரி நம்பரா?

விழுந்தால் ஊருக்கே விழும் நம்பர். 1203 என்றால் பெட்ரோல், 1005 அம்மோனியா, இது ஐ.நா. வகுத்த எண். ‘3’ என்றால் நுரை அடி. ‘Y’ என்றால் சாக்கடையில் கழுவி விடாதே, அணைகட்டித் தேக்கு. ‘E’ என்றால் அக்கம்பக்கத்து ஆட்களை வெளியேற்றுவதை யோசி. விபத்தில் லாரியைப் படம் பிடித்தே தீருவேன் என்பவர்கள், தள்ளி நின்று அந்தப் பலகையை மட்டும் பெரிதாக்கித் தீயணைப்புத் துறைக்கு அனுப்பினால் புண்ணியம்.

கோவை வாசகி: 2025 ஜனவரியில் அவினாசி ரோடு மேம்பாலத்தில் கேஸ் டேங்கர் கவிழ்ந்தது. தீயே பிடிக்கவில்லை, ஏன் தண்ணீர் அடித்தார்கள்?

பிடிக்காமல் இருந்ததே அதனால்தான். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து பள்ளத்திலும் சாக்கடையிலும் பதுங்கும். நீர்த்தூவல் அதைக் கலைத்து அடர்த்தியைக் குறைக்கும், டேங்கையும் குளிர்விக்கும். உள்ளே இருந்தது 18 டன். சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். நடக்காத விபத்துக்கு நினைவுநாள் கிடையாது. அதனால் அன்று வேலை பார்த்தவர்களுக்கு இங்கே ஒரு வணக்கம்.

அரக்கோணம் வாசகர்: எங்கள் ஊர் தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் விண்வெளி வீரர் போல உடுத்துகிறார்களே, உள்ளே எப்படி இருக்கும்?

ஏப்ரல் மாதப் பகல், ஜன்னல் இல்லாத அறை, ஃபேன் இல்லை. வாயு புகாத உடைக்குள் வியர்வைக்கும் வெளியேற வழியில்லை. முதுகுச் சிலிண்டரில் அரை மணி, முக்கால் மணிக்குத்தான் காற்று. உள்ளே நடப்பது, வால்வை மூடுவது, திரும்புவது, உடையைக் கழுவிக் கழற்றுவது எல்லாம் அதற்குள். இரண்டு பேர் உள்ளே போனால் அவர்களை மீட்க இரண்டு பேர் உடுத்தித் தயாராக வெளியே நிற்பார்கள்.

ஓசூர் வாசகர்: குழு வந்தால் போதுமா?

மருந்தும் வர வேண்டும். 2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினத்தில் பாலிமர் ஆலைத் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி கிளம்பியது. 12 பேர் இறந்தார்கள். நிபுணர்கள் புனேயிலிருந்து வந்தார்கள். ஸ்டைரீனை அடக்கும் ரசாயனம் குஜராத்திலிருந்து விமானத்தில் வந்தது. தொட்டி இருக்கும் ஊரிலேயே போதுமான அளவு இருந்திருக்க வேண்டிய பொருள் அது.

தனுஷ்கோடி வாசகர்: கேரளாவில் மூழ்கிய கப்பலின் பிளாஸ்டிக் குருணை எங்கள் கரைக்கு வந்தது எப்படி?

டிக்கெட் எடுக்காமல். 2025 மே 25-ல் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ கப்பலில் 640 கண்டெய்னர்கள். குருணை நீரோட்டத்தோடு தெற்கே வந்துவிட்டது. 12 கண்டெய்னர்களில் கால்சியம் கார்பைடு: மாம்பழத்தைத் திருட்டுத்தனமாகப் பழுக்க வைக்கிறார்களே, அதே கல். தண்ணீர் பட்டால் தீப்பற்றும் அசிட்டிலின் வாயு வரும். தண்ணீரே ஆகாத சரக்கு கடலுக்குள் போனால் எந்தக் குழுவுக்கும் தலைவலிதான்.

பெரியகுப்பம் வாசகி: 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் அம்மோனியா கசிந்து வீட்டைப் போட்டுவிட்டு ஓடினோம். மறுபடி நடந்தால் எந்தப் பக்கம் ஓடுவது?

காற்றோடு ஓடாதீர்கள், வாயுவும் உங்கள் கூடவே வரும். கொடியோ மரக்கிளையோ எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, காற்றுக்குக் குறுக்கே விலகுங்கள். அம்மோனியா தண்ணீரில் கரையும் என்பதால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். இதையெல்லாம் உங்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஆண்டுக்கு ஒரு முறையாவது ஊர் மட்டத்தில் ஒத்திகை நடத்த வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகள் சொல்கின்றன. எந்தப் பக்கம் ஓடுவது என்று ஒரு பத்திரிகைக்கு எழுதிக் கேட்கிறீர்கள். உங்கள் ஊரில் ஒத்திகை எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை.