வைரத்துக்கு நடுவுல ஒரு தூசி

ஏலே பேராண்டி, கைடு பிரஷர் குடுக்காருன்னு ஆச்சி மடியில படுத்து அழுதியாமே? நீ ஆராய்ச்சி பண்ணுத பொருளுக்குக் குடுக்க பிரஷர் தெரிஞ்சும் வாயத் திறக்கே பாரு. முழிக்காத. நீ போன்ல கத்துததுல பாதி, நீ உறங்கயில நோட்டைப் புரட்டுனதுல மீதி. ஹாலைடு பெரோவ்ஸ்கைட்டு எனக்கும் தெரியும்லே.

அதுல ஒண்ணு மெத்தில் அமோனியம் லெட் அயோடைடு. பேரைச் சொல்லி முடிக்கதுக்குள்ள ஒரு வாய் வெத்தலையே மென்னு துப்பிரலாம். 2009-ல ஜப்பான்காரரு மியாசாகா இதை வச்சு சோலார் செல் செஞ்சப்போ வெளிச்சத்துல 3.8 சதவீதம்தான் கரண்டாச்சு. இந்தப் பெரோவ்ஸ்கைட்டுக் குடும்பம் இப்போ 25-ஐத் தாண்டிட்டு. பேரு வந்தா சும்மா விடுவானுவளா? தூசியளவு படிகத்தை ரெண்டு வைர முனைக்கு நடுவுல வச்சுத் திருகுதானுவ. மரியானா பள்ளத்து அடியிலயே காத்தழுத்தத்தைப் போல ஆயிரத்துச் சொச்சம் மடங்குதான். இவனுவளுக்கு 0.3 கிகாபாஸ்கல், அதாவது மூவாயிரம் மடங்கு, சும்மா தட்டிக் குடுக்க மாதிரி.

தீவாளிக்கு முந்துன நாள் டவுன் பஸ்ஸை நினைச்சுக்கோ. மொதல்ல எல்லாரும் நெருங்கி நிப்பான். ஈயமும் அயோடினும் அப்பிடி நெருங்க, அதுக எலக்ட்ரான் கூடுதலாக் கலக்கும், வேலன்ஸ் பேண்டோட மேல்விளிம்பு ஏறும், 1.6 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் இருந்த பேண்டு கேப்பு, அதாவது எலக்ட்ரான் கிளம்பத் தாண்ட வேண்டிய இடைவெளி, கொஞ்சம் சுருங்கும். சோலாருக்கு அதுதான் தோது. கிளம்புன எலக்ட்ரான் சீக்கிரம் சாகாம கூடுதல் நேரம் அலையுததையும் 2016-ல பாத்துட்டாங்க.

இன்னும் ஆள் ஏறுனா? ஒருக்களிச்சுத் திரும்புவான். ஈயம்-அயோடின்-ஈயம் கோணம் வளையும், கலப்பு குறையும், சுருங்குன கேப்பு திரும்ப விரியும். மூணு நாலு கிகாபாஸ்கல்ல யாரு காலு யாரு மேலன்னே தெரியாது, படிக வரிசையே குலைஞ்சிரும். கைய எடுத்தா பழையபடி படிகம். உன்ன மாதிரிதான், ரோசமே கிடையாது.

அத்தோட விட்டாங்களா? கொழும்புல வளர்ந்த ஹேமமாலா கருணதாசவும் கூட்டாளிகளும் ஸ்டான்ஃபோர்டுல 60 கிகாபாஸ்கலைத் தாண்டுனாங்க. ஆறு லட்சம் மடங்குலே! நெருக்கடி பஸ்ஸுல கண்டக்டரு நகராமலே துட்டு கைமாறிக் கைமாறி அவருட்டப் போவும்லா, அப்பிடி எலக்ட்ரான் ஓட ஆரம்பிச்சிட்டு. உலோகமாயிட்டுன்னு 2017-ல எழுதிட்டாங்க.

இதை உங்கப்பன்ட்டச் சொல்லித் தொலைக்காத. கரண்டு பில்லு கொறையுமான்னு கேப்பான். பேனலுக்கு ரெண்டு வைரம் எவன் குடுப்பான்? ஆச்சி மூக்குத்தியை ஒளிச்சு வைக்கச் சொல்லிட்டேன்.

உனக்குப் பிழைப்பு வேற இடத்துல கிடக்கு. சீசியம் லெட் அயோடைடு சாதாரண வெப்பத்துல மஞ்சளாகி சோலாருக்கு உதவாமப் போவும்லா? அதைச் சூடாக்கி, 0.1-ல இருந்து 0.6 கிகாபாஸ்கலுக்குள்ள அமுக்கி, ஆற வச்சு, அழுத்தத்தை எடுத்த பொறவும் சோலாருக்குத் தோதான கறுப்பாவே நின்னதை 2021-ல காட்டிருக்காங்க. எடுத்த பொறவும் நிக்குதே, அதைத் தொரத்து. அறுபதுக்கு ஓடுதது பேப்பர்ல பேரு வர. இதுதான் கூரைக்கு வரும்.

என்ன செஞ்சாலும் அதுல ஈயம் கிடக்கு. கையை நல்லாக் கழுவிட்டு இலைக்கு வா. ஆச்சி ஏற்கெனவே சோறு போட்டுட்டா.