தேவைப்படும், எடுத்து வை

சென்னையில் வாடகைக்கு இருப்பவன் எப்போது காலி செய்ய வேண்டும் என்பதை வீட்டுக்காரர் தீர்மானிக்கிறார் என்று ஒரு பேச்சு உண்டு. அது பாதிதான் உண்மை. மீதியைத் தீர்மானிப்பது சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர். ஆடி கூடாது. மார்கழி கூடாது. புரட்டாசியில் புதுக்குடித்தனம் ஆகாது. பங்குனி பற்றி அம்மாவுக்கும் மாமியாருக்கும் இன்னும் ஒரு முடிவு ஏற்படவில்லை. மிச்சமிருக்கும் மாதங்களில் செவ்வாய், சனி, அஷ்டமி, நவமி, கரிநாள் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, ராகுகாலத்தையும் எமகண்டத்தையும் கழித்தால் கைக்கு வருவது ஏதோ ஒரு வியாழக்கிழமைக் காலையில் ஒன்றரை மணி நேரம். வீடு மாறுகிற மற்ற எல்லோருக்கும் அதே ஒன்றரை மணி நேரம்தான் தேறியிருக்கும் என்பதால் அன்றைக்குப் பார்த்துக் குட்டியானை கிடைக்காது. கிடைத்தால் டிரைவர் சொன்னதுதான் ரேட்.

நாங்கள் மேற்கு மாம்பலத்திலிருந்து மாடம்பாக்கத்துக்குப் போவதாக முடிவாயிற்று. மாம்பலத்தில் மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. சாமான் கட்டி ஏற்றித் தரும் கம்பெனியிலிருந்து ஒரு தம்பி முன்கூட்டியே பார்வையிட வந்தார். ஹாலில் நின்றபடியே ஒரு சுற்றுச் சுற்றினார். சோபா, டிவி, கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின். போனில் எதையோ தட்டினார். "டூ பெட்ரூம்தானே சார், மத்தியானச் சாப்பாடு புது வீட்டுல" என்றார். எல்லாவற்றையும் பார்த்த அவர் அண்ணாந்து மட்டும் பார்க்கவில்லை. நம் ஊர் வீடுகளில் ஆட்கள்தான் கீழே இருக்கிறார்கள். குடித்தனம் மேலே பரணில் இருக்கிறது.

மூட்டை கட்டுவதற்கென்று எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை ஒன்று உண்டு. ஒரு மாதம் முன்னாலேயே தொடங்க வேண்டும். எப்போதோ தேவைப்படுவதை முதலிலும் தினமும் தேவைப்படுவதைக் கடைசியிலும் கட்ட வேண்டும். அதற்கும் முன்னால், வீட்டில் உள்ளதையெல்லாம் வைத்துக்கொள்வது, கொடுத்துவிடுவது, எறிவது என்று மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். என் மனைவி இதை ஒரு தாளில் அழகாக எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். குவியல்களும் போட்டோம். ராத்திரி தூங்கப் போகும்போது எறிகிற குவியல் ஆளுயரம் இருக்கும். காலையில் முழங்காலுக்குத்தான் வரும். யாரும் எடுக்கவில்லை. யாரும் பார்க்கவுமில்லை. வைத்துக்கொள்கிற குவியல் மட்டும் ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றது.

பரணிலிருந்து முதலில் இறங்கியது ஒரு மிக்ஸிப் பெட்டி, உள்ளே தெர்மோகோலோடு. ரிப்பேருக்கு அனுப்புவதென்றால் ஒரிஜினல் பெட்டி வேண்டும் என்று எடுத்து வைத்தது. அந்த மிக்ஸி ரிப்பேராகி, எக்ஸ்சேஞ்சில் போய், அதற்குப் பதிலாக வந்த மிக்ஸியும் போய்விட்டது. பெட்டி இருக்கிறது. "நல்ல அட்டைடா, தேவைப்படும், எடுத்து வை" என்றாள் அம்மா. வீடு மாறும்போது அட்டைப்பெட்டி தேவைப்படத்தான் செய்யும் என்பதால் என்னால் வாதாட முடியவில்லை.

அடுத்து தாம்பூலப் பைகள். ஒரு பெரிய தாம்பூலப் பைக்குள் பல சின்னத் தாம்பூலப் பைகள், அவை ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னும் சில. தமிழக அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஓர் இயக்கம் தொடங்கியது. எங்கள் வீட்டை விட்டு அது போனால்தானே மீண்டும் வருவதற்கு! சொந்தத்தில் நடந்த எல்லாக் கல்யாணமும் நாள், நட்சத்திரம், மண்டப விலாசத்தோடு அதில் அச்சாகியிருக்கிறது. பையின் மேலிருக்கும் தம்பதிகளில் சிலர் இப்போது சேர்ந்து இல்லை. பை கெட்டியாகத்தான் இருக்கிறது.

என் பங்குக்கு ஒரு பிஸ்கட் டின் நிறைய ஒயர். சார்ஜர், ஸ்பீக்கர், எப்போதோ இருந்த ஒரு பிரிண்டர் என்று எல்லாவற்றின் வாலும் அதில் கிடக்கிறது. எது எதற்கு என்று இப்போது தெரியாது. தெரியாத காரணத்தால்தான் எறியவும் முடியாது. எறிந்த மறுநாள் தெரிந்துவிடும்.

பாத்திரம் சுற்றப் பழைய பேப்பர் வேண்டியிருந்தது. அதைத்தான் முந்தின வாரம் எடைக்குப் போட்டிருந்தோம். போட்ட பேப்பரையே பழைய பேப்பர்காரரிடம் போய் அவர் சொன்ன விலைக்குத் திரும்ப வாங்கி வந்தேன். நாங்கள் விற்றபோது இருந்ததைவிட இப்போது அது எடையும் கூடியிருந்தது. சரி, அதையாவது உட்கார்ந்து சுற்றினோமா? பரணில் இருந்த பித்தளை அண்டாவைப் பிரித்தபோது உள்ளே 2011 ஏப்ரல் 3-ஆம் தேதிப் பேப்பர். உலகக் கோப்பை ஜெயித்த மறுநாள். தோனி கடைசியில் அடித்த சிக்ஸருக்காகக் குடும்பமே தரையில் உட்கார்ந்துவிட்டது. கம்பீர் 97-இல் அவுட்டானதற்காக மறுபடியும் வருத்தப்பட்டு முடித்தபோது விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. அன்றைக்குக் கட்டிய கணக்கில் ஓர் அண்டா. அதுவும் திரும்ப அதே பேப்பரில்.

எவர்சில்வர் பாத்திரங்கள் மட்டும் சமர்த்து. ஒன்றுக்குள் ஒன்று போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அடியில் பெயர் வெட்டியிருக்கிறதே, அதுதான் வம்பு. எல்லாவற்றையும் கவிழ்த்துப் பெயர் பார்த்தபோது பெரியம்மா பெயரில் ஒரு சம்படம், அத்தை பெயரில் இரண்டு தூக்கு, முற்றிலும் அறிமுகமில்லாத ஒருவர் பெயரில் ஓர் இட்லிப் பானை கிடைத்தன. எங்கள் பெயர் வெட்டிய அடுக்கைக் காணோம். அது எந்த வீட்டில் இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியும். அந்த வீட்டுக்காரர்கள் எப்போது காலி செய்வார்கள் என்றுதான் தெரியவில்லை.

இப்படியெல்லாம் சொன்னாலும், எங்கள் வீட்டில் மூட்டை கட்டத் தெரிந்த ஒரே ஆள் அம்மாதான். கொலு வைக்கிற வீட்டுப் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட்டு மறுநாள் கொலுவைக் கலைப்பார்களே, அந்தக் கைகளைக் கவனித்துப் பாருங்கள். அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டியைக் கிழித்த துண்டுகள் தனியாக ஒரு பையில் இருக்கும். பொம்மையின் கழுத்து, தூக்கிய கை, நீட்டிய விரல் என்று ஒடியக்கூடிய இடமாகப் பார்த்து முதலில் துணி சுற்றுவாள். அதன் மேல் பேப்பர். கனமான பண்ருட்டி மண்பொம்மைகள் பெட்டிக்கு அடியில், காகிதக்கூழ் பொம்மைகள் மேலே. இடைவெளிகளில் பழம்புடவைத் துணியைத் திணித்து, மூடியதும் பெட்டியைக் காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்குவாள். உள்ளே ஏதாவது பேசினால் திரும்பப் பிரித்துக் கட்டுவாள். பிறகு பெட்டியின் பக்கவாட்டில், மேலே வேறு பெட்டி அடுக்கினாலும் தெரிகிற இடத்தில், மார்க்கரால் எழுதுவாள்: 'தசாவதாரம். வாமனர் குடை தனியே, மாத்திரை டப்பாவில்.' இத்தனை வருஷத்தில் வாமனர் ஒரு நாளும் குடையில்லாமல் நின்றதில்லை.

பார்க்கப் போனால் மொத்த சாஸ்திரமும் இவ்வளவுதான். கனம் கீழே, லேசு மேலே. உள்ளே எதுவும் ஆடக்கூடாது. கழற்றிய சின்னதை எங்கே வைத்தோம் என்று பெரியதன் மேல் எழுதிவிட வேண்டும். பீங்கான் தட்டுகளைப் படுக்கப் போடாமல் நிறுத்தி வைத்தால் உடைவது குறையும். புத்தகத்தைப் பெரிய பெட்டியில் போட்டால் அந்தப் பெட்டியை யாரும் தூக்கப்போவதில்லை. டிவியைக் கழற்றுவதற்கு முன் பின்பக்கத்து ஒயர்களை ஒரு போட்டோ பிடித்துக்கொள்வது நல்லது. கட்டில் ஸ்குரூக்களை ஒரு கவரில் போட்டு அந்தக் கட்டில் காலிலேயே ஒட்டிவிடலாம். இவ்வளவும் தெரிந்திருந்தும் வீடு ஏன் நகரவில்லை என்றால், பெட்டிக்குள் போவதற்கு முன்னால் ஒவ்வொரு பொருளும் எங்களோடு ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் போனது.

குறித்த வியாழக்கிழமை விடிகாலையில் கம்பெனிப் பையன்கள் வந்தார்கள். அவர்களோடு எந்தப் பொருளும் பேசவில்லை. ஒருவன் டேப்பைச் சர்ரென்று இழுக்க, இன்னொருவன் அட்டையை மடக்க, ஒரு காபி ஆறுவதற்குள் சமையலறை காலி. அந்தக் காபியே கொஞ்சத்தில் போயிருக்கும். அடுப்பு மேடையில் டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருந்த ஃபில்டரையும் பபிள் ராப்பில் சுற்றி நிமிர்த்தி வைத்து, மேல்நோக்கி அம்புக்குறி போட்டு அனுப்பிவிட்டார்கள். மாடம்பாக்கத்தில் பிரித்தால் ஒரு சொட்டு சிந்தவில்லை. அப்பளக் குழவி இருந்த பெட்டியின் மேல் கண்ணாடிக் கோப்பைப் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சூப்பர்வைசர் விவரம் தெரிந்தவர். ஃபிரிட்ஜை நிறுத்தித்தான் எடுத்துப் போக வேண்டும், போய்ச் சேர்ந்ததும் சில மணி நேரம் சும்மா விட்டுவிட்டுத்தான் போட வேண்டும், இல்லையென்றால் கம்ப்ரஸர் ஆயில் இடம் மாறியிருந்தால் கெடுத்துவிடும் என்றார். கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்ற மாட்டோம் என்றார். வாஷிங் மெஷினிடம் வந்ததும் நின்றுவிட்டார். முன்பக்கம் கதவு வைத்த மெஷின். வாங்கிய அன்று பின்னாலிருந்து கழற்றித் தந்திருப்பார்களே நீள போல்ட்டுகள், அவற்றைத் திரும்பப் பூட்டினால்தான் டிரம் ஆடாமல் போகும், எங்கே என்று கேட்டார். வீடே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. நான் மெல்லப் போய் என் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். ஒயர்களுக்கு அடியில் அந்த போல்ட்டுகள் கிடந்தன. மத்தியானம் வரைக்கும் குடும்பத்தில் என்னை வேறு மாதிரி பார்த்தார்கள்.

கொலுப் பெட்டிகளை மட்டும் அவர் தொட்டுப் பார்த்து, ஒன்றைக் குலுக்கிப் பார்த்து, திரும்ப டேப் ஒட்ட வேண்டாம் என்று பையன்களிடம் சொல்லிவிட்டார். "யார் பாட்டி கட்டினது? எங்க பசங்களுக்கு ஒரு வாரம் டிரெயினிங் குடுங்களேன்." அம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் சாமி படம், குத்துவிளக்கு, அரிசி, உப்பு, மஞ்சள், துவரம்பருப்பு, நிறைகுடம், பால் பாத்திரம் எல்லாவற்றையும் மடியிலும் காலடியிலும் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறியபோது முகத்தில் அந்தச் சந்தோஷம் தெரிந்தது. முதல் நாள் தேவைப்படுவதைத் தனியாகக் கையோடு எடுத்துப் போங்கள் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அம்மாவின் பட்டியலில் அது எப்போதோ இருக்கிறது. அன்று புது வீட்டில் நினைத்த நேரத்துக்குக் கிடைத்தது அவள் கொண்டுவந்த சாமான்கள் மட்டும்தான். என் போன் சார்ஜர் 'கிச்சன், இதர' என்று எழுதிய எந்தப் பெட்டியிலோ போயிருந்தது.

பின்னால் தங்கி வீட்டை ஒப்படைக்கிற வேலை எனக்கு. 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. நாங்கள் குடிவந்தது பத்து மாத அட்வான்ஸ் காலத்தில். எனவே திரும்பி வர வேண்டிய தொகையும் பெரிது, அதைக் குறைக்க வேண்டிய கடமையும் வீட்டுக்காரருக்குப் பெரிது. சுவர் சுவராக ஆணித் துளைகளை எண்ணிக்கொண்டு வந்தார். வெள்ளைப் பற்பசையால் துளையை அடைக்கும் உபாயத்தைப் பக்கத்து வீட்டு மாமா சொல்லியிருந்தார், முந்தின ராத்திரியே செய்து முடித்திருந்தோம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லைதான். ஆனால் மனிதர் சுவருக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனார். "என்ன சார், செவுரு புதினா வாசனை அடிக்குது?" பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகை போயிற்று.

இவ்வளவையும் பார்த்தபின் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. தன் வீட்டைத் தானே மூட்டை கட்ட யாராலும் முடியாது. கைக்கு வேகம் வேண்டுமென்றால் பொருளின் கதை தெரியக்கூடாது. பையன்களுக்கு எங்கள் அண்டா வெறும் அண்டா. எங்களுக்கு அது பாட்டி சீராகக் கொண்டுவந்தது, ஒரு கல்யாணத்தில் பாயசம் போதாமல் போனது, அப்புறம் தோனியின் சிக்ஸர். ஆகவே எந்த வீட்டையும் அடுத்த வீட்டுக்காரர்கள்தான் கட்ட வேண்டும். கொடுப்பதையும் எறிவதையும் அவர்களே தீர்மானிக்கட்டும். வீட்டுக்குரியவர்கள் அந்த நேரம் கோயிலிலோ சினிமாவிலோ இருப்பது உத்தமம்.

இதை நான் வெறும் பேச்சாகச் சொல்லவில்லை. ஆவணியில் வீடு மாறுவதாக இருப்பவர்கள், மாம்பலமோ தாம்பரமோ, எனக்குத் தகவல் சொன்னால் போதும். வந்து உங்கள் பரணைக் கண்ணை மூடிக்கொண்டு காலி செய்து தருகிறேன். உங்கள் மிக்ஸிப் பெட்டியைப் பற்றி எனக்கு எந்தப் பாசமும் கிடையாது. கூலி வேண்டாம். பதிலுக்கு நீங்கள் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அம்மா கோயிலுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து மாடம்பாக்கம் வர வேண்டும். இன்னும் பிரிக்காத பெட்டிகள் ஹால் மூலையில் அடுக்கியிருக்கின்றன. பார்த்து, வேண்டாததை எடுத்துப் போய்விடுங்கள். மேலே பிஸ்கட் டின் ஒன்று இருக்கும், அதில் மட்டும் கை வைக்க வேண்டாம்.